வளைந்த பெட்ரோல் டேங்கில் உலோக பேட்ஜ் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புல்லட் டேங்கை ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தட்டையான இடம் என்று அதில் எதுவுமே இல்லை. முன்பக்கம் அகன்று, சீட்டை நோக்கி ஒடுங்கி, மேலிருந்து கீழாகவும் உருண்டு இறங்கும். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிய காலத்திலிருந்து அந்த உருண்டை வடிவம் பெரிதாக மாறவில்லை. கடையில் கிடைக்கும் மோனோகிராமோ, அதாவது டேங்கில் ஒட்டும் உலோக பேட்ஜோ, பலகை மாதிரி தட்டையாக வருகிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைப்பதைப் பற்றி நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. புல்லட்டை வைத்துச் சொல்கிறேன். ஜாவா, யெஸ்டி, கஃபே ரேசராக மாற்றிய வண்டி என எந்த இரும்பு டேங்குக்கும் இதே கணக்குதான்.

நல்ல டேப் போட்டுத்தான் ஒட்டினேன். சில மாதத்தில் ஓரம் தூக்கிக்கொள்கிறது. ஏன்?

பெரும்பாலும் குற்றம் டேப்பில் இல்லை, பேட்ஜின் வடிவத்தில் இருக்கிறது. தட்டையான தகட்டை உருண்ட டேங்கில் வைத்தால் நடுப்பகுதி தொடும், இரண்டு நுனியும் அந்தரத்தில் நிற்கும். நாம் கட்டைவிரலால் நுனிகளை அமுக்கி ஒட்டிவிடுகிறோம். கையை எடுத்த நிமிடத்திலிருந்து அந்தத் தகடு நிமிரப் பார்க்கிறது. இரவு பகல் ஓயாமல் நுனியைப் பசையிலிருந்து உரித்துக்கொண்டே இருக்கிறது. நேராகப் பிடித்து இழுத்தால் பசை நன்றாகத் தாங்கும், பக்கவாட்டில் தள்ளினாலும் தாங்கும். ஓரத்திலிருந்து உரித்தால்தான் தோற்றுப்போகும். அதற்கு மேல் வெயில் வந்தால் பசை இளகுகிறது, அவ்வளவுதான்.

என் வண்டியில் இடது பக்கச் சிறகு பேட்ஜ் இப்படித்தான் போனது. 11 செ.மீ. நீளம், பித்தளை. பிப்ரவரியில் ஒட்டினேன். மே மாதம் ஒரு மத்தியானம், நிழலில்லாத இடத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் பின் நுனியில் விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி. உள்ளே டேப்பின் நுரை நூல் நூலாக இழுபட்டு நின்றது. அமுக்கிவிட்டு ஓட்டினேன். திண்டிவனம் தாண்டி டீக்கடையில் நிறுத்தியபோது பேட்ஜ் இல்லை. டேங்கில் அது இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு சிறகின் நிழல் மட்டும் இருந்தது.

அதன் பிறகு ஒரே விதிதான் வைத்திருக்கிறேன். பசையே இல்லாமல் பேட்ஜை டேங்கின் மேல் வைக்க வேண்டும். லேசாக ஒரு விரலால் தாங்கினாலே சுற்றிலும் பொருந்தி உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் பசை எடையை மட்டும் சுமந்தால் போதும். உட்காரவில்லையென்றால் இன்னும் ஒட்டுகிற வேளை வரவில்லை.

என் டேங்கின் வளைவு எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேல் போதும். பேட்ஜ் வரப்போகும் இடத்தில் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், பெயின்டில் கீறல் விழாமல் இருக்கும். ஸ்கேலின் நடுப்பகுதி டேங்கைத் தொடும்படி பிடித்து, பேட்ஜின் நுனி வரும் இடத்தில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். முன்னும் பின்னும் ஒருமுறை, மேலும் கீழும் ஒருமுறை.

கணக்காகவும் போடலாம். பேட்ஜின் நீளத்தை அதே நீளத்தால் பெருக்கி, வளைவின் ஆரத்தைப் போல் எட்டு மடங்கால் வகுத்தால் நுனியில் வரும் இடைவெளி கிடைக்கும். டேங்கின் பக்கவாட்டு ஆரம் 300 மி.மீ., பேட்ஜ் நீளம் 100 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10,000ஐ 2,400ஆல் வகுத்தால் 4 மி.மீ.க்குச் சற்று மேல். அதே டேங்கில் பேட்ஜ் 50 மி.மீ. என்றால் 1 மி.மீ. தான். நீளம் பாதியானால் இடைவெளி கால்வாசி ஆகிவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பல தலைவலிகள் வராது.

வளைவின் உருவத்தையே எடுத்துப் போக வேண்டுமானால், தடிமனான ஈயப்பற்றுக் கம்பியை (சால்டர் வயர்) டேங்கின் மேல் விரலால் அழுத்திப் படிய வையுங்கள். அது நிமிராது. அப்படியே தூக்கி ஓர் அட்டையில் வைத்துக் கோடு போட்டு வெட்டினால் உங்கள் டேங்குக்கான அளவு அட்டை தயார்.

அப்படியானால் பெயரை ஒரே தகடாக வைக்காமல் எழுத்து எழுத்தாக வைக்கலாமா?

தாராளமாக. மேலே சொன்ன கணக்குப்படி 300 மி.மீ. ஆர டேங்கில் 35 மி.மீ.க்குள் இருக்கும் துண்டுக்கு அரை மி.மீ. இடைவெளிதான் வரும். அதை டேப்பே சமாளித்துவிடும். வளைக்கவே தேவையில்லை. எழுத்துகளை வரிசை தப்பாமல் வைப்பதுதான் வேலை: டேங்கில் மாஸ்கிங் டேப்பால் அடிக்கோடு போட்டு, எழுத்துகளை முதலில் ஒரு தாளில் அடுக்கி, இடைவெளியைப் பென்சிலால் குறித்துக்கொண்டு நடு எழுத்திலிருந்து இரண்டு பக்கமும் போக வேண்டும். முதல் எழுத்திலிருந்து தொடங்கினால் கடைசி எழுத்து கீழே சரிந்து நிற்கும்.

ஒரு பக்கமாக வளைத்துவிட்டேன். அப்படியும் மேல் விளிம்பு தூக்குகிறதே?

டேங்க் இரண்டு திசையிலும் வளைந்திருக்கிறது. ஒரு தாளைக் குழாயின் மேல் சுற்றினால் சுருக்கமில்லாமல் படியும். அதே தாளைக் குடத்தின் மேல் படிய வைத்துப் பாருங்கள், எங்காவது மடிப்பு விழும். தகடும் அப்படித்தான். ஒரு திசையில் வளைப்பதற்கு வளைத்தால் போதும். இரண்டு திசையிலும் படிய வேண்டுமென்றால் உலோகமே நடுவில் நீள வேண்டும், அல்லது ஓரத்தில் சுருங்க வேண்டும். அதற்குச் சுத்தியல் தட்டு தேவை.

நல்ல செய்தி: பேட்ஜ் பெரும்பாலும் நீளமாகவும் குறுகலாகவும் இருக்கும். 100க்கு 25 மி.மீ. பேட்ஜில் குறுக்கே வரும் இடைவெளி அதே ஆரத்துக்குக் கால் மி.மீ. தான். ஆகவே நீளவாக்கில் வளைத்துவிட்டு, குறுக்கு வளைவை டேப்பிடம் விட்டுவிடலாம். வட்ட பேட்ஜும் கேடய வடிவ பேட்ஜும்தான் இந்த விஷயத்தில் படுத்தும்.

என்னிடம் இருப்பது என்ன உலோகம் என்றே தெரியவில்லை. வளைக்கலாமா?

பின்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அரத்தால் ஒரு சின்னக் கோடு போடுங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. வெள்ளையாக, கையில் லேசாக இருந்தால் அலுமினியம். காந்தம் ஒட்டினால் இரும்பு. குரோம் பூச்சுக்கு அடியில் மங்கலான சாம்பல் நிறம், காந்தம் ஒட்டவில்லை, அளவுக்கு மீறிய கனம் என்றால் அது துத்தநாகக் கலவை வார்ப்பு. இன்று கடையில் கிடைக்கும் குரோம் மோனோகிராம்களில் நிறைய இந்த வகைதான்.

பித்தளையும் அலுமினியமும் வளையும். மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடு வளையும், ஆனால் விடாப்பிடியாகத் திரும்பி நிமிரும். துத்தநாக வார்ப்பை வளைக்கவே முயலாதீர்கள். முதல் மில்லிமீட்டருக்கு இணங்குவது போல் இருக்கும், அடுத்த நொடியில் பிஸ்கட் மாதிரி உடையும். எனாமல் பூசிய பேட்ஜும் அப்படியே: உலோகம் வளைந்தாலும் மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சு தெறித்துவிடும். குரோம் பூச்சும் வளைவில் மயிரிழை விரிசல் விடும், மழைக்காலத்தில் அதன் வழியே துரு வரும்.

பித்தளையை எப்படி வளைப்பது?

அவசரப்படாமல். நேராக வைஸில் பிடித்து நடுவில் அமுக்கினால் வளைவு வராது, ஒடிவுதான் வரும். அந்த ஒடிவை எடுப்பது புது பேட்ஜ் செய்வதைவிடக் கஷ்டம்.

பெயின்ட் நிரப்பாத, பூச்சில்லாத வெறும் பித்தளை என்றால் முதலில் காய்ச்சி இளக்கிக்கொள்ளலாம். வெளிச்சம் குறைந்த இடத்தில், வண்டியும் பெட்ரோலும் பக்கத்திலேயே இல்லாத இடத்தில், கேஸ் டார்ச்சால் எல்லாப் பக்கமும் சூடாக்குங்கள். மங்கலாகச் செம்மை தட்டியதும் நிறுத்திவிட வேண்டும். அப்படியே ஆறவிடலாம், தண்ணீரிலும் போடலாம். சூடாக இருக்கும்போது மட்டும் தட்டாதீர்கள். சில பித்தளைக் கலவைகள் சூட்டில் நொறுங்கும். ஆறியபின் கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியும், உலோகம் சொன்ன பேச்சு கேட்கும். தட்டத் தட்ட மறுபடி இறுகும். இறுகினால் மறுபடி காய்ச்சலாம். அலுமினியம் உருகும்வரை நிறம் காட்டாது. அதனால் அதன்மேல் துணி சோப்பைத் தேய்த்துக்கொண்டு, சோப்புக் கறை கறுக்கும்போது நெருப்பை எடுத்துவிட வேண்டும்.

தட்டுவதற்கு மணல் நிரப்பிய தடித்த துணிப் பையும் ரப்பர் சுத்தியலும் போதும். பேட்ஜைக் கவிழ்த்து, முகம் மணலில் இருக்கும்படி, நடுவே ஒரு மெல்லிய தோலோ பழைய டயர் டியூப் துண்டோ வைத்துக்கொள்ளுங்கள். நுனிகளிலிருந்து தொடங்கி நடுவை நோக்கி வாருங்கள். சின்னச் சின்னத் தட்டு. நாலு தட்டுக்கு ஒருமுறை அளவு அட்டையில் வைத்துப் பார்க்க வேண்டும். டேங்கிலேயே வைத்துத் தட்டினால் என்ன என்று ஒருவர் கேட்டார்: டேங்க் தகடு மெல்லியது, பேட்ஜ் வளைவதற்கு முன் டேங்க் ஒடுங்கிவிடும்.

வளைவு அட்டையைவிட ஒரு மயிரிழை அதிகமாக இருக்கட்டும். நுனிகள் முதலில் தொட்டு நடுப்பகுதி துளி தூக்கி நின்றால் பரவாயில்லை. நுனி தொடாமல் நிற்பதுதான் ஆபத்து.

தகடு தடிமனாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. பின்பக்கத்தில் ஹேக்ஸா பிளேடால் குறுக்கே மெல்லிய கீற்றுகள் போட்டால், பாதி ஆழம்வரை, அந்த இடங்களில் எளிதாக வளையும். முன்பக்கத்தில் பள்ளமான எழுத்து இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

வளைக்கவே முடியாத பேட்ஜை என்ன செய்வது?

எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான். பேட்ஜை டேங்குக்கு ஏற்ப மாற்ற முடியாதபோது, இரண்டுக்கும் நடுவே ஒரு மெத்தை வார்த்துக்கொள்கிறோம். எந்தச் சூடும் வேண்டாம், எந்தச் சுத்தியலும் வேண்டாம்.

டேங்கில் அந்த இடத்தைச் சமையலறை பிளாஸ்டிக் படலத்தால் சுருக்கமில்லாமல் மூடி, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் பிடித்துக்கொள்ளுங்கள். பேட்ஜின் பின்பக்கத்தில் முளைகள் இருந்தால் அறுத்து அரத்தால் சமமாக்கிவிட்டு, உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்குங்கள். எபாக்ஸி பிடிப்பதற்கு அந்தக் கீறல்கள்தான் வேர். எம்-சீல் மாதிரி எபாக்ஸி பட்டியின் இரண்டு பகுதியையும் நிறம் ஒன்றாகும்வரை பிசையுங்கள். சப்பாத்தி மாவுப் பதத்தில் இருக்கும். பேட்ஜின் பின்பக்கம் முழுவதும் அப்பி, நுனிகளில் கொஞ்சம் கூடுதலாக வைத்து, டேங்கின் மேல் இருக்க வேண்டிய இடத்திலேயே அழுத்துங்கள். ஓரங்களில் பிதுங்கி வரும். அது வர வேண்டும். ஈர விரலால் வழித்துவிட்டு, பேட்ஜை மாஸ்கிங் டேப்பால் கட்டி ஒரு ராத்திரி விடுங்கள்.

காலையில் எடுத்தால் படலத்தோடு கழன்று வரும். பின்பக்கத்தைப் பாருங்கள்: உங்கள் டேங்கின் உருண்டை அப்படியே பதிந்திருக்கும். இரண்டு திசை வளைவும், பழைய ஒடுங்கல் இருந்தால் அதுவும். ஓரங்களை அரத்தால் உள்நோக்கிச் சாய்வாகச் சீவிவிட்டால், பக்கத்திலிருந்து பார்க்கும்போது பட்டி தெரியாது. அதன்மேல் மெல்லியதாகக் கறுப்பு பெயின்ட் அடித்துவிடுங்கள், நிழல் மாதிரி மறைந்துவிடும். டேங்கில் படும் பக்கத்தைப் பெயின்ட் இல்லாமல் விட்டு, நைசான உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துத் துடைத்தால் டேப் ஒட்டத் தயார். இடது பேட்ஜ், வலது பேட்ஜ் இரண்டையும் பின்னால் குறித்து வையுங்கள். ஒன்றுக்கு வார்த்தது மற்றதற்குப் பொருந்தாது.

இது ஒட்டுவேலை இல்லையா என்று கேட்பவர்களுக்கு: ஆலைகள் அச்சிலேயே வளைவை வைத்து வார்த்தன, நாம் வீட்டில் பின்பக்கத்தை மட்டும் வார்க்கிறோம். 1966 முதல் 1968 வரை வந்த டிரையம்ஃப் வண்டிகளின் ‘புருவ’ பேட்ஜைக் கையில் எடுத்தால், அது மேசையில் படியாது. டேங்கில் மட்டுமே படியும்.

எந்த டேப் வாங்குவது?

அக்ரிலிக் நுரை டேப். 3எம் வி.எச்.பி. வகை எளிதில் கிடைக்கும். பெயின்ட் அடித்த உலோகத்துக்கான, 1.1 மி.மீ. தடிமன் உள்ள கறுப்பு டேப் பேட்ஜ் வேலைக்கு நன்றாக உதவும். டேப்பின் தடிமனில் பாதி அளவு இடைவெளியை அது சமாளிக்கும் என்று கணக்கு வையுங்கள். அதற்கு மேல் இருந்தால் வளைப்பதோ வார்ப்பதோதான் வழி. இரண்டு அடுக்கு டேப் போடாதீர்கள். ஸ்டேஷனரி கடை வெள்ளை நுரை டேப் வெயிலில் பசையாக வழியும். சிவப்புத் தாள் ஒட்டி வருவதெல்லாம் ஒரே தரமும் இல்லை.

இரண்டு கீற்றாக ஒட்டாமல் பேட்ஜின் வடிவத்திலேயே முழுதாக வெட்டுங்கள், விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு மி.மீ. உள்ளே தள்ளி. கீற்றுகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கினால் பெயின்டுக்கு அடியில் துரு கிளம்பும்.

ஃபெவிக்விக், அரால்டைட், சிலிகான்?

ஃபெவிக்விக் இறுகினால் கண்ணாடி மாதிரி. சிங்கிள் சிலிண்டர் அதிர்வில் விட்டுவிடும். சுற்றிலும் பெயின்டில் வெள்ளைப் படிவு வேறு. அரால்டைட் நன்றாகவே பிடிக்கும், ஆனால் கழற்றும் நாளில் பெயின்டையும் சேர்த்து எடுக்கும். சிலிகான் என்றால் புளித்த காடி வாசனை வருவது வேண்டாம், அந்த அமிலம் பித்தளையையும் துத்தநாகத்தையும் அரிக்கும். வாசனையற்ற நியூட்ரல் வகை ஓரம் அடைக்க உதவும், பேட்ஜைப் பிடித்து வைக்க அல்ல.

டேங்கில் துளை போட்டு ஸ்க்ரூ வைத்துவிட்டால் ஆயுசுக்கும் இருக்குமே?

வேண்டாம். பேட்ஜுக்காக உயிரைப் பணயம் வைக்கிற வேலை அது. பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவு ஆவி விடும். காற்றில் அந்த ஆவி சுமார் ஒன்றரை முதல் ஏழரை சதவீதம் கலந்தால் ஒரு பொறி போதும். நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க்தான் அந்த அளவுக்குள் எளிதாக வரும். “காலி பண்ணிட்டேன், பரவாயில்லை” என்று நினைப்பதுதான் இதில் பெரிய தவறு. கழுவிக் காயவைத்த டேங்கின் தையல் மடிப்பிலும் பெட்ரோல் ஒளிந்திருக்கும். துளையிடுவதும் வெல்டிங் வைப்பதும் டேங்கை முறையாகச் சுத்தம் செய்து வேலை பார்க்கும் பட்டறையின் வேலை, வீட்டு வேலை அல்ல.

பழைய டேங்கில் ஏற்கெனவே மரையோடு இடம் இருக்கிறதே?

அது ஆலையிலேயே வைத்தது, பயன்படுத்தலாம். ஆனால் அந்தத் துளை உள்ளே அடைபட்டது. ஆழத்தைப் பல்குத்தும் குச்சியால் அளந்து, அதற்குக் குறைவான ஸ்க்ரூவையே போடுங்கள். நீள ஸ்க்ரூ அடிப்பக்கத்தைக் குத்தினால் பெட்ரோல் கசியும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் மரை மெட்ரிக் அல்ல. விரலால் இரண்டு சுற்றுப் போகவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். பேட்ஜுக்குப் பின்னால் மெல்லிய ரப்பர் வையுங்கள். தட்டைப் பேட்ஜை ஸ்க்ரூ முறுக்கியே வளைத்துவிடலாம் என்று பார்த்தால் துளை ஓரத்தில் விரிசல் விடும்.

காந்தம்?

வேண்டாம். இரும்புத் தூளும் மணலும் இடையில் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

ஒட்டும் முன் எதை வைத்துத் துடைப்பது?

ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு, பஞ்சுத் துணி. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, அப்புறம் இது. கை சானிட்டைசர் உதவாது, அதில் கிளிசரின் இருக்கும். பெட்ரோல் எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். தின்னர் பெயின்டைக் கரைக்கும். டேங்கில் பாலிஷ் போடும் பழக்கம் இருந்தால் இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டும். புதிதாக பெயின்ட் அடித்த டேங்குக்கு ஒரு மாதமாவது பொறுங்கள். உள்ளிருந்து தின்னர் வெளியேறிக்கொண்டே இருக்கும்போது டேப் பிடிக்காது. புல்லட்டில் கையால் வரைந்த பழைய தங்கக் கோடு இருந்தால் அதன்மேல் மாஸ்கிங் டேப்பையும் ஆல்கஹாலையும் கொண்டுபோகாதீர்கள். திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் தூரிகை பிடித்த கை போட்ட கோடு அது.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வர?

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். சைடு ஸ்டாண்டில் கண் ஏமாறும். ஒரு பக்கத்துக்குத் தாளில் டேங்கின் அடி விளிம்பு, மூடி, பேட்ஜ் மூன்றையும் குறித்து வெட்டி, அதையே திருப்பி மறுபக்கம் வையுங்கள். அப்புறம் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். அளவுநாடா சரி என்று சொல்லும், கண் சரிந்திருக்கிறது என்று சொல்லும். டேங்க் சாய்ந்து இறங்குவதால் அப்படித் தெரியும். கண் சொல்வதைக் கேளுங்கள். சிறகு பேட்ஜ் ஜோடியாக வரும், இடது வலது மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்ஜை வைத்து மேல் விளிம்பை மாஸ்கிங் டேப்பால் கீல் மாதிரி பிடித்துக்கொண்டு, தூக்கி, தாளை உரித்து, அப்படியே இறக்குங்கள். நடுவிலிருந்து நுனிக்கு ஒவ்வோர் இடமாக அழுத்தமாக அமுக்குங்கள். இந்த டேப்புக்கு அழுத்தம்தான் உயிர்.

எத்தனை நாள் கழித்து வண்டியைக் கழுவலாம்?

மூன்று நாள். சாதாரண வெப்பத்தில் 20 நிமிடத்தில் பாதிப் பலம், 24 மணி நேரத்தில் 90 சதவீதம், 72 மணி நேரத்தில் முழுப் பலம் வரும். அதுவரை கழுவுவதும் வேண்டாம், கடும் வெயிலில் நிறுத்துவதும் வேண்டாம். டேங்கில் பெட்ரோல் வழிந்தால் உடனே துடைத்துவிடுங்கள்.

ஒட்டிய பேட்ஜைக் கழற்ற?

ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் டேங்கில் தழும்பு விழும். ஹேர் டிரையரை வண்டியில் இருக்கும் டேங்கின் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், அதற்குள் சிவந்த கம்பி இருக்கிறது. வெந்நீரில் நனைத்த துணியைப் பேட்ஜின் மேல் ஐந்து நிமிடம் போட்டு, இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். டேப் இளகியதும் மீன் பிடிக்கும் நரம்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, பேட்ஜுக்கும் டேங்குக்கும் நடுவே ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுத்தால் நுரை அறுபட்டுக்கொண்டே வரும். பேட்ஜைப் பிடிக்க ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், கழன்றதும் கீழே விழும். மிச்சமிருக்கும் நுரையைக் கட்டைவிரலால் உருட்டிக்கொண்டே போனால் உருண்டை உருண்டையாக வந்துவிடும்.